சொர்ணக்கிளியின் காலனி

பொன்னுலிங்கம் காலனி ஆரம்பிக்கப் போகிறான் என்ற செய்தி டீக்கடையில் கிளம்பி உப்பளம் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் நாலைந்து பேர் தங்களுக்குக் கிழக்குப் பார்த்த மனை வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டார்கள். ஒருவர் முனை மனையாக இருந்தால் கடை போட வசதி என்றார், இன்னொருவர் அங்கே நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று விசாரித்தார். அவன் ஆரம்பிக்கப் போவது கரப்பான்பூச்சிக் காலனி என்று தெரிந்த பிறகும் அந்த முனை மனைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் நம்பாமலே இருந்தார்.

பொன்னுலிங்கம் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற லாரி டிரைவர். மரியசூசை காம்பவுண்டில் ஒரே முற்றத்தைப் பார்த்து வாசல் வைத்த ஏழு வீடுகளில் குழாயடியை ஒட்டிய வீடு அவனுடையது. ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், லாரி ஒரு பலா மரத்தில் சாய்ந்து நின்று, அவன் மட்டும் சட்டைப் பொத்தான்கூட அறாமல் இறங்கி வந்த வருஷம், யாரோ சொன்னார்கள் என்று வாஸ்து மீன் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் விட்டான். வெள்ளித் தகடு வேய்ந்த மாதிரி உடம்பு, மேலே பார்த்துத் திறக்கும் வாய், தாடையில் இரண்டு மீசை. அதை விட்ட நாளிலிருந்து அவன் லாரியில் ஒரு கீறல் விழவில்லை. ஆகவே அது மீன் இல்லை, பிரேக் என்பது அவன் எண்ணம். லோடு ஏற்றிக் கிளம்பும்போது முதலில் மீனிடம் சொல்லிக்கொள்வான், அப்புறந்தான் மனைவியிடம். திரும்பி வந்தால் மீனைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவான்.

அந்த மீன் உயிருள்ளதைத்தான் தின்னும். வீட்டில் ஓடுகிற கரப்பான்களைப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். காம்பவுண்டில் மருந்தடித்த வாரத்தில் அப்படிப் போட்ட ஒன்றைத் தின்றுவிட்டு மீன் ஒருக்களித்து மிதந்தது. பதறிப்போய்த் தூத்துக்குடிக்கு ஓடினான். மீன் கடைக்காரர் தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்துவிட்டு, இனி வீட்டுக் கரப்பானே வேண்டாம் என்றார். தென்னமெரிக்க ஜாதி ஒன்று இருக்கிறது, அது பறக்காது, வழவழப்பான சுவரில் ஏறாது, நாற்றம் கிடையாது, முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து குஞ்சாகவே ஈனும், ஒரு காலனி ஆரம்பித்துவிட்டால் ஆயுசுக்கும் தீனிக் கவலை இல்லை என்றார். ஆனால் பெருகுகிற வரைக்கும் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது, அவசரப்பட்டால் காலனி அழிந்துபோகும், அதுவரை மீனுக்கு உயிர் இறால் போடுங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்.

அப்படித்தான் நீல நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மூடியில் ஓட்டை போட்டு வலை ஒட்டி, உள்ளே முட்டை அட்டைகளை நட்டக்குத்தலாக அடுக்கி, அடுப்பங்கரையின் வெதுவெதுப்பான மூலைக்கு வந்து சேர்ந்தது. சொர்ணக்கிளிக்கு அதுவரை கரப்பான் என்றால் விளக்குமாறுதான் ஞாபகம் வரும். இது வேறு ஜாதியாம், கப்பல் ஏறி வந்ததாம் என்று கணவன் சொன்னதில் கொஞ்சம் மரியாதை வந்தது. அவன் லோடுக்குப் போய்விட்டான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வீட்டில் அவளும், அவளைத் திரும்பிப் பார்க்காத மீனும், அட்டைக்குள் சரசரக்கிற கரப்பான்களும் இருந்தார்கள். அவள் காரட் சீவிப் போட்டாள், சீனிக்கிழங்குத் தோலைப் போட்டாள், தவிட்டைத் தூவினாள், பஞ்சை நனைத்து வைத்தாள். போடுகிற கையைக் கண்டு அவை ஓடி ஒளியாமல் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அவள் கை நீட்டினால் ஓடிவர யாரோ இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆண் கரப்பானுக்கு நீள இறக்கை உண்டு, ஆனால் பறக்காது. அது கறுப்புக் கோட்டு மாட்டிய மாதிரி இருந்தது. அப்படிக் கோட்டும் மிடுக்குமாக முதலில் வந்து நின்றவருக்கு வக்கீல் என்று பேர் வைத்தாள். இறக்கையில்லாமல் பரந்து, எப்போதும் சூலோடு இருந்தவள் பேச்சியம்மை. மற்றவற்றை நெட்டித் தள்ளிக்கொண்டு அட்டையின் உச்சியில் உட்கார்ந்தது மேஸ்திரி. தோலுரித்துப் பால் வெள்ளையாக வெளியே வந்த ஒன்று, பிறகு நிறம் மாறிக் கறுத்த பிறகும் வெள்ளைக்காரி என்றே ஆனது. கணவனின் அக்காள் ஜாடையில் ஒன்று இருந்தது, அதற்கு அவள் பேரே.

காலனி பெருகியது. ஒருநாள் பொன்னுலிங்கம் கொல்லத்திலிருந்து வந்து, மீனைப் பார்த்து, செருப்பைக் கழற்றி, நீலத் தொட்டியின் மூடியைத் திறந்து, கைக்கு அகப்பட்டவற்றை அள்ளிக்கொண்டுபோய் மீனுக்குப் போட்டான். மீன் வாயைத் திறந்தது, மூடியது. அள்ளியதில் வக்கீலும் இருந்தார். சொர்ணக்கிளி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள், குடம் நிறைந்து வழிந்து முற்றமெல்லாம் ஓடுகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். தீனிக்காகத்தானே வளர்த்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கோழி வளர்க்கவில்லையா, ஆடு வளர்க்கவில்லையா என்றும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காரட் போட மூடியைத் திறந்தபோது வக்கீல் வந்திருந்தார்.

இடது இறக்கையில் அதே சின்னப் பிசிறு, அதே மிடுக்கு, கொஞ்சம் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு பளபளப்பு மட்டும் கூடுதல். இது வேறு ஒன்று என்றான் பொன்னுலிங்கம். அவள் மகள் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து நீட்டினாள். அவனே வக்கீல் முதுகில் சிவப்புப் பொட்டு வைத்தான், அவனே மீனுக்குப் போட்டான், மீன் விழுங்கியதை அவனே பார்த்தான். விடிந்ததும் சிவப்புப் பொட்டோடு வக்கீல் முட்டை அட்டை மேல் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மையும் அப்படியே போனாள், அப்படியே வந்தாள். மேஸ்திரி வந்தார். கணவனின் அக்காளும் வந்தாள். பேர் இல்லாத குஞ்சுகள் மட்டும் போனவை போனவைதான். பேர் வைத்தது திரும்பும், வைக்காதது திரும்பாது என்பதை அவள் முதல் நாளே தெரிந்துகொண்டாள், ஆனால் அதைக் கணவனிடம் கொஞ்ச நாள் கழித்துத்தான் சொன்னாள்.

காம்பவுண்டில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கரப்பானுக்குச் சாவே கிடையாது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். மூன்றாம் வீட்டு உபதேசியார், இது வேதத்துக்கு விரோதமா என்று கேட்டவர்களுக்கு, யோனாவை மீன் முழுங்கிக் கக்கவில்லையா, அவருக்கு மூன்று நாள் ஆனது, இதற்கு ஒரு ராத்திரி போதுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று விளக்கினார். இதனால் நமக்கு என்ன ஆகும் என்ற கேள்வி பிறந்தது கோழி விஷயத்தில்தான்.

எதிர்வீட்டுக் கோழி ஒன்று தினம் சொர்ணக்கிளி வாசலில் வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். அவள் அதை என்னம்மா சீமாட்டி, சாப்பிட்டாச்சா என்று கேட்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் அதைக் குழம்பு வைத்தார்கள். திங்கட்கிழமை விடியும் முன்பே அந்த வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க, சீமாட்டி முற்றத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தவள், வந்த வழியில் கோழி ஒரு முட்டையும் இட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சண்டையைப் பாதியில் நிறுத்தினாள்.

அடுத்தது அம்மன் கொடைத் திருவிழா. நேர்ந்துவிட்ட கிடா கோயில் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் போன சொர்ணக்கிளி, வெயிலில் நிற்கிறதே என்ற இரக்கத்தில், என்ன கலெக்டர் ஐயா, நிழலுக்குத் தள்ளி நில்லுங்களேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொடை சிறப்பாக நடந்தது, கிடா வெட்டி நாலு தெருவும் சாப்பிட்டது, விரல் நக்கிச் சாப்பிட்டது. மறுநாள் நாலு தெருவும் ஒரே நேரத்தில் பசியோடு விழித்தது. குழந்தைகள் அழுதன, இட்லிக் கடையில் மாவு தீர்ந்தது, டீக்கடையில் பன் தீர்ந்தது, கலெக்டர் கழுத்தில் மாலையோடு வேப்பமரத்தடியில் நின்று சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். கிடா எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நேர்த்திக்கடன் தீர்ந்ததா இல்லையா என்பதுதான் பேச்சு. மறுபடி வெட்டலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. கடைசியில் பூசாரி எழுந்தார்.

"அம்மன் ஏத்துக்கிட்டா. நமக்குத்தான் செரிக்கல" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கலெக்டர் அன்றிலிருந்து எந்தத் தெருவுக்கும் போகலாம், எந்தச் சுவரொட்டியையும் தின்னலாம் என்று ஆனது. சொர்ணக்கிளிக்கு ஊர் சில ஏற்பாடுகள் செய்துகொடுத்தது. கறிக்கடை பாய், அக்கா, நீங்க அலைய வேண்டாம், நானே வீட்டுக்குக் கொடுத்து விடுகிறேன் என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார். மீன் சந்தைக்கு அவள் போனால் கூடைக்காரிகள் கூடையை ஓலையால் மூடிக்கொண்டு நலம் விசாரித்தார்கள். வளர்த்த கோழியையும் வாத்தையும் மடியில் மறைத்துக்கொண்டு பிள்ளைகள் மட்டும் அவள் பின்வாசலுக்கு வந்தார்கள், அவள் ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துப் பேர் சொல்லி அனுப்பினாள். ஒருத்தி தன் சங்கிலியை வட்டிக்கடை முழுங்கிவிட்டது, அதற்கும் ஒரு பேர் வை என்று வந்து நின்றாள். சொர்ணக்கிளி அதற்கும் பேர் வைத்துப் பார்த்தாள், சங்கிலி வரவில்லை. கடை முழுங்குவதும் வயிறு முழுங்குவதும் ஒன்றல்ல போலிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் பொன்னுலிங்கத்தின் மீன் இளைத்துக்கொண்டு வந்தது. காலனியில் பேர் இல்லாதது ஒன்றும் மிச்சமில்லை, கரப்பான் ருசி கண்ட மீன் இறாலைத் தொடவும் இல்லை. நாலு தெருவுக்கு ஒரு நாள் வந்த பசி அதற்குத் தினமும் வந்தது. தின்றதெல்லாம் விடிந்தால் எழுந்து போய்விடுகிறது என்றால் உடம்பில் எது ஒட்டும்? வெள்ளித் தகடுகள் மங்கின, முதுகெலும்பு கோடு போட்ட மாதிரி தெரிந்தது. பொன்னுலிங்கம் அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மெலிவது மீனா தன் ஆயுசா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது, முன்பு கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய இடங்களில் இப்போது வியர்த்தது. அதை அவன் மனைவியிடம் சொன்னான். இனிமேல் எதற்கும் பேர் வைக்காதே என்றும் கெஞ்சினான்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. நீலத் தொட்டிமேல் பழைய சேலையைப் போட்டு மூடினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு காரட் போட்டாள். ஆனால் பார்த்தால்தான் பேர் என்பதில்லை, சரசரப்பைக் கேட்டே இது அவசரக்காரன், இது சோம்பேறி என்று மனசு பேர் வைத்துவிட்டது. குஞ்சுகள் அவள் கண்ணில் படாமல் பிறக்கட்டும் என்று பொன்னுலிங்கம் அந்தத் தொட்டியை லாரிக்குள் ஏற்றிக் கொல்லம் வரை கொண்டுபோய்க் கொண்டுவந்தான். திரும்பி வந்து இறக்கும்போது மூடி விலகியது, அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், புதிதாகப் பிறந்த அத்தனையும் பேரோடு வீட்டுக்குள் போயின.

"ஒனக்கு மீன் செத்தாலும் பரவால்ல, என்னட்டி?" என்றான் அவன்.

"ஒங்களுக்கு வக்கீல் செத்தாலும் பரவால்ல" என்றாள் அவள்.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் மீனிடம் சொல்வது மாதிரி அவளுக்குச் சொன்னான், அவள் வக்கீலிடம் சொல்வது மாதிரி அவனுக்குப் பதில் சொன்னாள். காம்பவுண்டு இரண்டாகப் பிரிந்தது. லாரி டிரைவருக்குப் பிரேக் வேண்டாமா என்று ஆண்கள் கேட்டார்கள். பேர் வைத்த பிள்ளையை யாராவது தூக்கிப் போடுவார்களா என்று பெண்கள் கேட்டார்கள். கோபத்தில் இருந்தாலும், அவன் லோடுக்குக் கிளம்புகிற நாளெல்லாம் அவன் திரும்பி வருகிற வரைக்கும் சொர்ணக்கிளிக்குச் சோறு இறங்கவில்லை. மீன் எலும்பும் தோலுமாக ஆக ஆக அவளுக்குள்ளும் லாரி சாய்ந்து நின்ற அந்தப் பலா மரம் வந்து வந்து போனது.

வழியைக் கண்டுபிடித்தது ஐந்தாம் வீட்டு அருள்மேரி. அருள்மேரிக்குப் பேர் என்ற ஒன்று ஒட்டவே ஒட்டாது. மூன்று பையன்களையும் ஏலே என்றுதான் கூப்பிடுவாள், எவன் வருகிறானோ அவனிடம் வேலையைச் சொல்வாள். தன் கல்யாணத்தில் மோதிரம் மாற்றும்போதே மாப்பிள்ளை பேரை மறந்து சாமியாரிடம் கேட்டவள். அவள் குழாயடியில் வைத்துச் சொர்ணக்கிளியிடம், கண்ணை மூடிக்கொண்டு புதுக்குஞ்சில் பாதியை ஒரு டப்பாவில் தட்டிக் கொடு என்றாள்.

"எங்கிட்ட இருந்தா அது கரப்பான். அவ்வளவுதாம்ளா" என்றாள்.

அப்படியே ஆயிற்று. அருள்மேரி வீட்டில் இரண்டாம் காலனி பிறந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட மாட்டாள், கத்தரிக்காய்க் காம்பையும் வாழைப்பழத் தோலையும் வீசி மூடிவைப்பாள். பேரில்லாமல் பிறந்து, பேரில்லாமல் பெருத்து, பேரில்லாமல் மீனின் வயிற்றுக்குள் போனவை அங்கேயே தங்கின. மீன் தேறியது, தகடு பளபளத்தது, பொன்னுலிங்கம் இறக்கத்தில் பாட்டுப் பாட ஆரம்பித்தான். அருள்மேரி டப்பாவோடு வருகிற நேரம் பார்த்துச் சொர்ணக்கிளி குழாயடிக்குப் போய்விடுவாள். வக்கீலும் பேச்சியம்மையும் மேஸ்திரியும் வேலையில்லாத பெரிய மனிதர்களாக நீலத் தொட்டியில் வாழ்ந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி பேசிக்கொண்டார்கள், ஆனாலும் அவன் மீனைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

மழைக்கு முந்தின ஒரு மத்தியானம் அவன் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மீன் தொட்டியின் கண்ணாடியில் பாசி படிந்திருந்ததைப் பார்த்துச் சொர்ணக்கிளி துடைக்கலாம் என்று மூடியை எடுத்தாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ சத்தம் போட, குடத்தோடு ஓடினாள். அந்த ஜாதி மீன் மேலே பூச்சி பறந்தால் துள்ளும் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவள் திரும்பி வந்தபோது தரையெல்லாம் ஈரம். ஈரத்தில் பெரிய பெரிய செதில்கள் கிடந்தன. காம்பவுண்டுச் சுவர்மேல் யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்து, அவசரமில்லாமல் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பொன்னுலிங்கம் சாயங்காலம் வந்தான். காம்பவுண்டே வாசலில் நின்று அவனுக்கு வழிவிட்டது. செருப்போடு உள்ளே போய், வெறும் தண்ணீர் நிற்கிற தொட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று சொர்ணக்கிளி காத்திருந்தாள், அவன் திட்டவில்லை. பூனையை அடிக்கப் போவான் என்று நினைத்தாள், போகவில்லை. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இனி தன்னால் அந்த இறக்கத்தில் இறங்க முடியாது, உப்பளத்தில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னான். அப்புறம் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஊர்ல ஆட்டுக்கும் கோழிக்கும் பேர் இருக்கு. நான் ஒரு பேர் வைக்காமப் போயிட்டேனே அதுக்கு."

சொர்ணக்கிளி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேர் இருக்கு."

"யார் வச்சா?"

"நாந்தான்."

என்ன பேர் என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. அவளுக்கே நம்பிக்கையில்லை. வக்கீலுக்கும் பேச்சியம்மைக்கும் கலெக்டருக்கும் அவள் வைத்த பேரெல்லாம் பிரியத்தில் வைத்தது. இது எரிச்சலில், அவன் செருப்போடு மீனைக் கொஞ்சிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு முறையும் அடுப்பங்கரையில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பேர். வயிறெரிந்து வைத்த பேருக்கு வயிற்றிலிருந்து மீட்கிற சக்தி இருக்குமா என்று யாரிடம் கேட்பது? உபதேசியாரிடம் கேட்க முடியாது, பூசாரியிடமும் கேட்க முடியாது. அவள் தொட்டியின் தண்ணீரை மாற்றி, மூடியைச் சரியாக வைத்து, மேலே அம்மிக்குழவியையும் தூக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ராத்திரியையும்போல அதுவும் போயிற்று.

விடிகிற நேரத்தில் முதலில் கேட்டது பூனைச் சத்தம். ஒரு வாரம் ஒன்றும் தின்னாத பூனையின் சத்தம். அதைக் கேட்டுத்தான் பொன்னுலிங்கம் கண்ணைத் திறந்தான்.

மீன் வந்திருந்தது. உதிர்ந்த செதிலெல்லாம் ஒன்று குறையாமல், தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக, வீட்டுக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

பொன்னுலிங்கம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதான். அழுது முடித்துத் திரும்பியபோது சொர்ணக்கிளியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் எதற்கு அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் முதல் தடவையாக மீனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலிலிருந்த செருப்பை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, இப்போதாவது சொல், என்ன பேர் வைத்தாய் என்று கேட்டான்.

"சக்களத்தி" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். சிரிப்பதா வேண்டாமா என்று அவன் முகம் கொஞ்ச நேரம் திண்டாடியது.

"எனக்கு ரெண்டு பொண்டாட்டின்னு ஊருக்குத் தெரிஞ்சா என்னட்டி ஆவும்?"

"ஊருக்கு எப்பமோ தெரியும்" என்றாள் சொர்ணக்கிளி, எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்க்கொண்டே. "ஒங்களுக்குத்தான் இப்பந் தெரியுது."